சிவப்பு நூல் கட்டிய கையுறை பற்றி என்மேல் நானே செய்யும் முறைப்பாடு

அனுப்புபவர்:
வீரகத்தி ஐயாத்துரை,
கமக்காரர்,
காணி இலக்கம் 61, நாலாம் வாய்க்கால்,
கருவேலன்குளம் குடியேற்றத் திட்டம்,
துணுக்காய்.

பெறுபவர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதாரப் பணிமனை.

விடயம்: மருத்துவிச்சி திருமதி க. விமலேஸ்வரி அவர்கள்மேல் நடக்கவிருக்கும் விசாரணையும், அதில் குற்றவாளியின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கையெழுத்து தங்கள் பணிமனைக்குப் புதியதாக இராது. நாலாம் வாய்க்கால் மதகு உடைந்தபோதும், கூட்டுறவுச் சங்கக்கடை மண்ணெண்ணெயில் தண்ணீர் தெரிந்தபோதும், எங்கள் மருந்துச்சாலைக் கூரையால் மழை ஒழுகியபோதும் போன மனுக்கள் எல்லாம் நான் எழுதியவைதான். கீழே ஒப்பமிட்டவர்கள் மட்டும் வேறு வேறு ஆட்கள். இந்தப் பகுதியில் என்னைப் பெட்டிசம் ஐயாத்துரை என்பார்கள். கல்யாண வீடுகளில் பகிடி ஐயாத்துரை என்பார்கள். முதலாமவனால் ஊருக்குச் சிறிது நன்மை நடந்திருக்கிறது. இரண்டாமவனால் இப்போது பெரிய அநியாயம் ஒன்று நடந்துவிட்டது. ஆகவே முதலாமவன் இரண்டாமவன்மேல் இந்த முறைப்பாட்டைச் செய்கிறான். எதிராளியின் குணம் நடத்தையை விசாரிக்க நான் எங்கும் அலையவில்லை. என் மனைவி ஜெகதீஸ்வரி இருபத்திரண்டு வருடமாக அதை வீட்டிலேயே சொல்லி வருகிறார்.

2. மருத்துவிச்சி விமலேஸ்வரி அவர்களை இம்மாதம் 20ஆம் திகதி விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் அவரை மிஸ்ஸி என்போம். விசாரணைக்குப் பின் அவரை வேறிடத்துக்கு மாற்றும் எண்ணமும் இருப்பதாக அறிகிறோம். எப்படி அறிந்தோம் என்று தாங்கள் கேட்கக்கூடும். தபாற்காரர் கடிதத்தைத் திறக்கவில்லை என்று நான் சாட்சி சொல்வேன். மிஸ்ஸியே அதை மருந்துச்சாலை மரவாங்கில் உட்கார்ந்து என் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். என் மனைவி அறிந்ததை நாலு வாய்க்காலும் அறிய ஒரு பின்னேரம் போதும்.

கடிதத்தில் மூன்று குற்றச்சாட்டுகள் உள்ளன. அரசாங்கக் கையுறைகளை வைத்தியத்துக்குப் புறம்பான தொழில்களுக்குக் கொடுத்தார் என்பது ஒன்று. ஒருதரம் பாவித்து எறிய வேண்டியவற்றைத் திரும்பவும் பாவிக்க விட்டார் என்பது இரண்டு. நஞ்சு பட்ட கையுறை ஒன்றைக் கழுவியது என்று சொல்லி வீ. ஐயாத்துரை என்பவருக்குக் கொடுத்து உயிராபத்து விளைவித்தார் என்பது மூன்று.

அந்த வீ. ஐயாத்துரை நான்தான். மூன்றாவது குற்றச்சாட்டு பொய். அந்தப் பொய்யைச் சொன்னவனும் நான்தான். மிகுதியைக் கீழே விளக்குகிறேன். தாங்கள் இந்தத் தாளை இவ்விடத்திலேயே மடித்து வைத்துவிட்டாலும் முக்கியமானதை வாசித்துவிட்டீர்கள்.

3. சூறாவளிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியாக வந்த பெட்டிகளில் ஒன்று, ஊர் ஊராகச் சுற்றி இவ்வருடத் தொடக்கத்தில் எங்கள் மருந்துச்சாலைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே றப்பர் கையுறைகள். அதற்கு முன்னர் மிஸ்ஸியிடம் இருந்தவை தடித்தவை. அவித்து, பவுடர் போட்டு, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுவதுபோல ஒட்டுப் போட்டு, பல வருடங்கள் பாவித்தவை. இவையோ வெங்காயத் தோல்போல மெல்லியவை. எந்தக் கைக்கும் போடலாம், இடம் வலம் இல்லை. பெட்டியில் இங்கிலீசில் ஒரு வசனம் இருந்தது. ஒருதரம் பாவித்தபின் எறிந்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து.

ஐயா, இந்தக் குடியேற்றத்தில் எறிதல் என்ற ஒரு தொழில் இல்லை. உரச் சாக்கு எங்கள் சாளரத்துக்குத் திரை. பால்மா டின் விளக்கு. மா வந்த துணிப்பையில் தைத்த அரைக்காற்சட்டையோடு நான் சங்கக் கூட்டத்துக்கே போயிருக்கிறேன். குனிந்தபோது பின்னால் இருந்தவர்கள் எந்த நாட்டு மா என்று வாசித்தார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு எறியச் சொல்லி ஒரு பொருளை அனுப்பினால் அது எறியப்படாது என்பதை அனுப்பியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. தாங்கள் அறிவீர்கள்.

4. மிஸ்ஸி முதலில் எறிந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பாவித்தவற்றை மருந்துச்சாலைக்குப் பின்னால் கிடங்கு வெட்டி எரித்தார். அவர் மனம் மாறியது அன்னபாக்கியத்தின் வீட்டில்.

அன்னபாக்கியம் எங்கள் வாய்க்காலில் கடைசிக் காணிக்காரி. புருசனுக்கு மரம் விழுந்து கால் போனபின் வயல் முழுவதும் அவருடைய கையில்தான். சித்திரையில் பெண்பிள்ளை பிறந்தது. சிறுபோகத்தில் பூச்சி விழுந்தபோது, நெல்லுக்கு அடிக்கும் மருந்தை அவரே வாளியில் கரைத்து, தெளிக்கும் மெசினில் ஊற்றினார். கரைப்பது வெறுங்கையால். இங்கே எல்லோரும் அப்படித்தான். தடியால் கரைத்தால் அடியில் கட்டி நிற்கும் என்பது எங்கள் எண்ணம். பிள்ளையோ பால் குடித்தால் சத்தி எடுத்தது, முதுகெல்லாம் சிவந்து பொங்கியது. அயலில் கண்ணூறு என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டவர்களுள் என் மனைவியும் ஒருவர். எந்த வீட்டுக்காரியின் கண் என்று ஆராய்ந்தவர்களுள் நானும் ஒருவன்.

மிஸ்ஸி பிள்ளையைப் பார்க்க வந்தவர், பிள்ளையை விட்டுவிட்டுத் தாயின் கையைப் பிடித்து மணந்து பார்த்தார். உள்ளங்கை தோல் உரிந்து இருந்தது. மருந்து நெடி சவுக்காரத்துக்கும் போகாமல் நின்றது. அந்தக் கையால்தான் பிள்ளையைத் தூக்குவது, துடைப்பது, பால் கொடுப்பது. அடுத்த நாள் காலை, பாவித்த கையுறைகள் இரண்டை எரிக்காமல் அவித்து, காயவைத்து, மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக் கொண்டுவந்து அன்னபாக்கியத்தின் கையில் மாட்டிவிட்டார். இரண்டு கிழமையில் பிள்ளையின் முதுகு ஆறியது. கண்ணூறு வைத்தவள் யார் என்ற ஆராய்ச்சியை நாங்களும் சத்தமில்லாமல் கைவிட்டோம்.

5. அதன்பிறகு மருந்துச்சாலை வாசலில் நோயில்லாதவர்கள் கூடினார்கள். மிஸ்ஸி ஒரு ஒழுங்கு வைத்தார். கையுறையைத் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார். ஒரு துளி கசிந்தாலும் அது நெருப்புக்கு. கசியாததை அவித்து நூல் கட்டிக் கொடுப்பார். சிவப்பு நூல் வயல் மருந்துக்கு. கறுப்பு நூல் உழவு மெசின் பற்றரிக்கு அசிட் ஊற்றும் கனகலிங்கத்துக்கு; அதற்கு முன் அவர் கையில் சுற்றிய கைலேசுத் துணிகள் எல்லாம் சல்லடையாக இருந்தன. வெள்ளை நூல், பசு கன்று போட முடியாமல் கிடந்தால் கையை உள்ளே விட்டு இழுக்கும் மயில்வாகனத்தாருக்கு. கையுறை அவருக்கு மணிக்கட்டு மட்டும்தான். மிகுதி முழங்கை வரைக்கும் பழையபடிதான். நீல நூல் கடற்கரைப் பக்கம் நாயாற்றுக்குப் போனது. கிழமைக்கொரு தரம் கருவாடு கொண்டுவரும் பஸ்தியாம்பிள்ளையின் பெண்சாதி ஞானமலர் வலையில் பட்ட மீனைத் தெரிந்தெடுப்பவர். வலையில் ஒட்டிவரும் கடற்சொறி பட்டால் கை நெருப்புப் பட்டதுபோலத் தடிக்கும். நீல நூல் வந்தபின் தான் இரவில் கையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைக்காமல் படுப்பதாகப் புருசனிடம் சொல்லி அனுப்பினார். அதோடு நல்ல பாரைக் கருவாடு ஒன்றும் வந்தது. மிஸ்ஸி கருவாட்டைத் திருப்பி அனுப்பினார். திரும்பும் வழியில் அது என் வீட்டுக் குசினியில் தங்கிவிட்டது. இதையும் என்மேல் உள்ள முறைப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு நூல் செய்யும் வேலையை மற்ற நூல் செய்யக்கூடாது என்பது கட்டளை. சாப்பாட்டுச் சாமானுக்கு எந்த நூலும் இல்லை. பாண் மா குழைக்கக் கையுறை கேட்டு வந்தவரை, பிள்ளைப்பேறு பார்த்த கையுறையை மாவுக்குள் விடச் சம்மதியேன் என்று வாசலாலேயே அனுப்பிவிட்டார். வைத்தியத்துக்குப் புறம்பான தொழில் என்கிறது கடிதம். கை புண்ணாகி மருந்துச்சாலைக்கு வருவோரின் தொகை அந்த மூன்று மாதங்களில் எவ்வளவு குறைந்தது என்று தங்களிடம் உள்ள பதிவைப் பார்க்கும்படி வேண்டுகிறேன். வராத நோயாளியையும் வைத்தியம் பார்த்ததாக எண்ண இடமுண்டா என்று தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

6. இனி எதிராளியின் செய்கை. ஆடி மாதம் வாசிகசாலை முற்றத்தில் கமக்காரர் கூட்டம். விவசாயப் போதனாசிரியரின் ஜீப் பிந்திவிட்டது. சனம் கூடி, பேச ஆளில்லாமல் இருந்தால் என் உடம்பு சும்மா இராது. நான் வரும் வழியில் அன்னபாக்கியத்தின் வரம்பில் நட்ட தடியில் ஒரு கையுறை உள்புறம் வெளியாக, மருந்து பட்ட பக்கம் உள்ளே போய்த் தொங்கியது. சிவப்பு நூல். மற்றது பக்கத்தில் வாளிக் காதில் கிடந்தது. பிள்ளை அழுததால் அவர் கழுவுவதற்கு முன் ஓடிப்போய்ப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். இவை எல்லாம் எனக்குத் தெரியும். சிவப்பு என்றால் என்ன என்பதும் தெரியும். அந்த நூல்களை வைத்துச் சங்கக்கடை வரிசையில் எத்தனையோ பகிடி விட்டவன் நான். தெரியாமல் எடுத்தேன் என்று எழுதினால் இந்த மனு இன்னும் நேர்த்தியாக இருக்கும். தெரிந்துதான் எடுத்தேன். சிரிப்பு ஒன்று மனதில் வந்துவிட்டால் எனக்கு நிறம் தெரியாது.

அதை ஊதினேன், வாயால். நுனியைக் கட்டி, சால்வையால் வயிற்றோடு இறுக்கி, நாலுகாலில் முற்றத்துக்குள் போனேன். அரசாங்கக் கந்தோரால் கமக்காரருக்குக் கொடுக்கும் மானியப் பசு இதுதான் என்று சொன்னேன். ஐந்து காம்பு, நாலு காம்பு கந்தோருக்கு, ஒன்று கமக்காரனுக்கு, அந்த ஒன்றும் வற்றுக்காம்பு. இவ்விடத்தில் தங்களிடம் மன்னிப்பு வேண்டுகிறேன். ஆனால் சனம் விழுந்து விழுந்து சிரித்தது என்பதை மறைக்க முடியவில்லை. சத்தம் குறைய, திரும்பவும் ஒருதரம் ஊதிப் பெருப்பித்தேன்.

சிறிது நேரத்தில் நாக்கு மரத்தது. பிறகு கையும் காலும் என் சொல் கேளாமல் இழுக்கத் தொடங்கின. நான் விழுந்து புழுதியில் உதைத்தேன். ஐயா, அப்போது எழுந்ததுபோன்ற கைதட்டல் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. பசுவுக்குக் கோமாரி என்று யாரோ சொல்ல இன்னும் சிரித்தார்கள். என் மனைவியும் முதலில் சிரித்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். எனக்குக் காது கேட்டது, கண் தெரிந்தது, வாய்தான் வரவில்லை. ஒரு மனிதன் சாகிறபோது ஊரே கைதட்டுவது எப்படி இருக்கும் என்று அறிந்தவன் இந்த மாகாணத்தில் நான் ஒருவனாகவே இருப்பேன்.

மிஸ்ஸி சைக்கிளில் அவ்வழியால் வந்தார். சைக்கிளை ஒழுங்கையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து, அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்று ஒரே ஒரு வசனம் சொன்னார்:

“சிரியாதேங்கோ, அண்ணை நடிக்கேல்லை.”

தன் சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்து, சவுக்காரத் தண்ணீரால் முகத்தைக் கழுவி, கனகலிங்கத்தின் உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரைக்கும் என் தலையை மடியில் வைத்துப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்திருந்தார். அந்த வீதியின் பள்ளங்களைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றைப் பற்றியும் நான் மனு எழுதியிருக்கிறேன்.

7. மூன்றாம் நாள் எனக்கு வாய் வந்தது. அது வராமல் இருந்திருக்கலாம். வாட்டில் பெரிய டாக்டர் நோய்க்குறிப்பு எழுதும் டிக்கெற்றோடு வந்து, நஞ்சு எப்படி வாய்க்குள் போனது என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி என் மனைவி, மைத்துனர்கள், நாலு வாய்க்கால் சனம். கைப்பிள்ளைக்காரி ஒருத்தியின் வரம்பிலே இருந்து களவெடுத்த கையுறையை, நாற்பத்தேழு வயதில், மாட்டு மடி ஆக்க ஊதினேன் என்று சொல்ல நா எழவில்லை. ஆகவே, “மிஸ்ஸிதான் தந்தவா, கழுவினது எண்டு சொன்னவா” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னது. டாக்டர் எழுதிக்கொண்டார். நான் இதுவரை எழுதிய மனுக்களில் எதற்கும் கந்தோர்கள் இவ்வளவு வேகமாக நடவடிக்கை எடுத்ததில்லை. நான் வீடு திரும்புவதற்கு முன்பே ஜீப் வந்து, மருந்துச்சாலையில் மிஞ்சியிருந்த பெட்டியையும் வீடு வீடாக இருந்த நூல் கட்டிய சோடிகளையும் பட்டியல் எழுதிக் கொண்டுபோனது. அவை தங்கள் பணிமனை அலுமாரியில் பூட்டப்பட்டிருப்பதாக அறிகிறோம்.

8. சுகமாகி வந்தபின் மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். போகும்போது நாலு பகிடியும் ஆயத்தம் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. வாசற்படியில் நின்றபடி, “ஐயாத்துரை அண்ணை, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறனீங்கள். எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ” என்றார். அவருக்கு விண்ணப்பம் ஏதோ வேண்டுமாக்கும் என்று தாள் இருக்கிறதா என்று கேட்டேன். “நீங்கள் வாயாலை சொன்னதை எழுதித் தாங்கோ. பொய்யெண்டு எழுதித் தாங்கோ” என்றார்.

மூன்று மாதமாக எழுதவில்லை. ஒரு நாள் மை இல்லை, ஒரு நாள் விதைப்பு, ஒரு நாள் தலையிடி. எழுதினால் ஊர் சிரிக்கும் என்பதுதான் உண்மையான காரணம். சிரிக்க வைத்தே சீவித்தவனுக்கு, சிரிக்கிறார்கள் என்று பயம் வந்தது இதுவே முதல் தடவை.

9. இப்போது எழுதுவதன் காரணமும் சொல்ல வேண்டும். மாரி விதைப்பான காலபோகப் பயிர் முழங்காலுக்கு வந்துவிட்டது, பூச்சியும் வந்துவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை தண்ணீர் கட்டப் போன நான் அன்னபாக்கியத்தின் வரம்பில் நின்றுவிட்டேன். கையுறைகளைச் சோடி சோடியாகப் பட்டியல் எழுதிய உத்தியோகத்தர், அவரிடம் ஒன்றுதான் இருந்தபடியால், சோடியில்லாததற்குப் பட்டியலில் இடமில்லை என்று அதை விட்டுப் போயிருக்கிறார். மற்றது தங்களிடம் சான்றுப் பொருளாக இருக்கிறது, நான் ஊதியது. மிஞ்சிய அந்த ஒன்றை அன்னபாக்கியம் இடக்கையில் போட்டுக்கொண்டு, அந்த ஒரு கையாலேயே மருந்து கரைத்துக்கொண்டிருந்தார். வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துச் சீலைக்குள் செருகியிருந்தார். ஏன் தங்கச்சி இந்தக் கோலம் என்று கேட்டேன்.

“இந்தக் கையைப் பிள்ளைக்கு வைச்சிருக்கிறன், அண்ணை” என்றார்.

அந்த ஒன்றிலும் சுண்டுவிரலில் கனகலிங்கத்தின் ரியூப் ஒட்டு இரண்டு இருக்கிறது. அது தை மாதம் வரைக்கும் தாங்காது. நான் வீட்டுக்குப் போய் மைப்போத்தலைத் தேடினேன். மை இருந்தது.

10. ஆகவே, பின்வருவனவற்றை உறுதியாக வேண்டுகிறேன்.

டிக்கெற்றில் உள்ள என் வாக்குமூலத்தைப் பொய் என்று வெட்டி, இந்த மனுவை அந்த இடத்தில் வைக்க வேண்டும். பொய் வாக்குமூலத்துக்கு என்ன தண்டனையோ அதை எனக்குத் தர வேண்டும். தண்டனை தேடக் கஷ்டமாக இருந்தால், மருந்தடிக்கும் காலத்தில் என்னை ஒவ்வொரு வாய்க்காலாகக் கூட்டிச்சென்று, கையுறையை ஊதியவன் இவன்தான் என்று சனத்துக்குக் காட்டலாம். நான் நடிக்காமல் நிற்பேன்.

மிஸ்ஸியை எங்களிடமிருந்து மாற்றக்கூடாது. இங்கே மனிதரின் கையை மணந்து பார்த்து நோய் கண்டுபிடிக்க வேறு ஆள் இல்லை.

திரும்பப் பாவித்தது பிழை என்ற இரண்டாவது குற்றச்சாட்டை நாங்கள் மறுக்கவில்லை. அது முழு உண்மை. எறியத்தான் வேண்டும். எறிவதற்குப் போதுமான அளவு அனுப்பிவைத்தால், முதல் ஆளாக நானே நெருப்பு வைப்பேன். சங்கக்கடையில் வயல் மருந்து டின் விற்கும்போது, டின்னோடு கையுறையும் கொடுக்க மேலிடத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும். வசனம் தேவையானால் நான் எழுதித் தருகிறேன். அதுவரைக்கும் அலுமாரியில் இருப்பவற்றைத் திருப்பித் தர வேண்டும். அலுமாரிக்குக் கை இல்லை.

20ஆம் திகதி காலை முதல் பஸ்ஸில் பணிமனைக்கு வருவேன். என்னை யாரும் அழைக்கவில்லை என்பது தெரியும். கதிரை தராவிட்டால் நிற்பேன். உள்ளே விடாவிட்டால் வெளியே நின்று இதே மனுவைச் சத்தமாக வாசிப்பேன். கனகலிங்கம், மயில்வாகனத்தார் இருவரும் கூட வருவார்கள். பஸ்தியாம்பிள்ளை நாயாற்றிலிருந்து நேரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்னபாக்கியம் வர இயலாது. அன்று அவருடைய வயலுக்கு மருந்தடிக்கும் முறை.

இம்மனுவோடு சான்றாக, அன்னபாக்கியத்திடம் மிஞ்சிய அந்த ஒற்றைக் கையுறையையும் இணைத்திருக்க வேண்டியது என் கடமை. இணைக்கவில்லை. அது வேலையில் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நீதியை எதிர்பார்த்து, சிரிக்காமல் எழுதிய,

வீ. ஐயாத்துரை
(எழுதியவனும் ஒப்பமிட்டவனும் ஒருவனே)

இடம்: கருவேலன்குளம்
திகதி: 06.11.1967